அணிமா: லிக்ஸில் கணித மேக்ரோ எழுதத் தொடங்குபவர்களுக்கு

கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைதோறும் கணிதத் தேர்வு நடக்கும். இரண்டு வகைப் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் கேரளத்துப் பிளஸ் டூ. அவர்கள் படிப்பது என்சிஇஆர்டி பாடநூல். மீதிப் பேர் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி பஸ்ஸில் வரும் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். எழுதும் முறை சில இடங்களில் மாறும். ஓர் அணியின், அதாவது மேட்ரிக்ஸின், நிரைகளை நிரல்களாகத் திருப்பிப் போட்டால் கிடைப்பதைத் தமிழ்நாட்டு நூல் நிரை நிரல் மாற்று அணி என்கிறது. ஏ என்ற அணியின் தோளில் டி என்ற எழுத்தைச் சிறிதாக ஏற்றிவிடுகிறது. என்சிஇஆர்டி நூல் பெரும்பாலும் அதே இடத்தில் ஒரு பிரைம் குறியோடு, அதாவது ஒரு சிறு கோட்டோடு, முடித்துக்கொள்கிறது.

கேரளத்துப் பிள்ளைகளுக்காக அடித்துவைத்த கேள்வித்தாளை மற்றவர்களுக்கும் பயன்படுத்தலாம் என்று ஒருமுறை நினைத்தேன். பிரைம் குறி இருக்கும் இடத்திலெல்லாம் டி போடு என்று எடிட்டருக்குக் கட்டளை கொடுத்தேன். அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. நான்காம் கேள்வியில் எஃப் பிரைம் என்று இருந்த வகைக்கெழுவின் தோளிலும் டி ஏறிக்கொண்டது. தேர்வு தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, "டீச்சர், சார்புக்கும் நிரை நிரல் மாற்று உண்டா?" என்று கேட்டாள்.

எடிட்டரைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு வேறு பொருள்களை நான் ஒரே வடிவத்தில் எழுதிவைத்திருந்தேன். வடிவத்தை மட்டும் பார்க்கும் எடிட்டருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? 'மாற்று அணி' என்ற பொருளுக்கு ஒரு பெயர் வைத்து, தாள் முழுவதும் அந்தப் பெயரையே எழுதி, காகிதத்தில் அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை வேறோர் இடத்தில் ஒரே ஒருமுறை சொல்லிவைத்திருந்தால் போதும். அந்தப் பெயருக்குத்தான் மேக்ரோ என்று பெயர். அடிக்கும் வேலையைக் குறைக்கும் குறுக்குவழி என்றுதான் பலரும் மேக்ரோவைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சிறிய உண்மை. என் அனுபவத்தில் மேக்ரோவின் பெரிய பயன், முடிவை மாற்றிக்கொள்ளும் உரிமை நம் கையில் இருப்பது.

கருவி

நான் பயன்படுத்துவது லிக்ஸ் என்ற எடிட்டர். விலையில்லாதது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 1995-இல் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானியர் தொடங்கியது. மறு ஆண்டே, லினக்ஸ் கணினிகளுக்குத் திரைமுகப்பு தரும் கேடிஇ திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. முதலில் இதற்கு லிரிக்ஸ் என்றுதான் பெயர் வைத்தார். அதே பெயரில் வேறொரு நிறுவனத்தின் எழுத்துச் செயலி ஏற்கெனவே இருந்ததால் லிக்ஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் மோதல் என்பது இந்தக் கட்டுரையில் மீண்டும் வரப்போகிற தொல்லை என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

லிக்ஸின் உள்ளே வேலை செய்வது லாடெக். கட்டளைகளைப் படித்துப் பக்கத்தை அச்சுக்கோக்கும் மென்பொருள் அது; டெக் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. லாடெக்கில் நேரடியாக எழுதுபவர்கள் திரையில் கட்டளைகளைத்தான் பார்ப்பார்கள். லிக்ஸில் சூத்திரம் சூத்திரமாகவே தெரியும். புதிதாக வருபவருக்கு அது பெரிய ஆறுதல். கேரளத்தில் இந்தக் குடும்பத்து மென்பொருள்களுக்கு வேர் ஆழமானது. டெக் பயனர் கழகத்தின் உலக மாநாடு 2002-இலும் 2011-இலும் திருவனந்தபுரத்தில்தான் நடந்தது. இங்குள்ள அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில் ஓடுவதால், மென்பொருள் பட்டியலில் லிக்ஸ் என்று தேடி நிறுவிக்கொள்வதும் எளிது.

தமிழில் கேள்வித்தாள் அடிப்பவர்கள் முதலில் ஒரு காரியம் செய்துவிட வேண்டும். ஆவண அமைப்புகளில் எழுத்துரு என்ற பகுதிக்குப் போய், டெக் அல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்து என்ற கட்டத்தில் டிக் செய்து, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் லிக்ஸ், கணினியில் உள்ள எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்தும் சீடெக் என்ற டெக் வகை வழியாக அச்சுக்கோக்கும்; தமிழ் ஒழுங்காக வரும்.

முதல் மேக்ரோ

ஒரு புதிய ஆவணத்தைத் திறந்துகொள்ளுங்கள். இன்சர்ட் பட்டியலில் மேத் என்பதற்குள் போனால் மேக்ரோ என்று ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்குங்கள். சூத்திரத்துக்குள் இருந்துகொண்டு இதைச் செய்யக் கூடாது. வெறும் பத்தியில் இருக்கும்போது செய்ய வேண்டும். ஆவணத்தில் ஒரு பெட்டி முளைக்கும். இடப்பக்கம் பெயருக்கான இடம். வலப்பக்கம் இரண்டு சிறு கட்டங்கள். முதல் கட்டத்தில் டெக் என்றும் இரண்டாவதில் லிக்ஸ் என்றும் எழுதியிருக்கும். முதல் கட்டம் காகிதத்துக்கு, இரண்டாவது திரைக்கு. இரண்டாவதை இப்போது காலியாகவே விடுங்கள். காலியாக இருந்தால் முதல் கட்டத்தில் இருப்பதே திரையிலும் தெரியும்.

தற்காலிகமாக நிற்கும் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரை அடியுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அவற்றின் ஒலியைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். தமிழ் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வைத்த பெயர் 'அணிமா'. ஏன் அந்தப் பெயர் என்று பிறகு சொல்கிறேன்.

கர்சர் பெட்டிக்குள் இருக்கும்வரை மேக்ரோவுக்கென்று ஒரு கருவிப்பட்டை தெரியும். அதில் உள்ளீடு ஒன்றைச் சேர்க்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எந்த அணியைத் திருப்ப வேண்டும் என்று மேக்ரோவுக்குச் சொல்லும் இடம் அது. இனி டெக் என்ற கட்டத்துக்குள் போய், பின்சாய்கோடு, ஹாஷ் குறி, 1 என்று அடித்தால் முதல் உள்ளீட்டுக்கான இடம் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அதையடுத்து மேற்குறிக்கான தொப்பி விசை, பிறகு டி என்ற எழுத்து. அந்த எழுத்து சாய்ந்து வரும். சாய்ந்த டி ஒரு மாறியைப் போலத் தெரியும், ஏ-யை டி தடவை பெருக்கச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். அதனால் பின்சாய்கோடு, மேத்ஆர்எம் என்று அடித்து அதற்குள் டி-யை வையுங்கள். நேராக நிற்கும்.

சரிபார்க்க, கீழே ஒரு பத்தியில் கண்ட்ரோலும் எம்மும் அழுத்திச் சூத்திரம் ஒன்றைத் திறந்து, பின்சாய்கோடு போட்டு, மேக்ரோவின் பெயரை அடித்து, ஸ்பேஸ் தட்டுங்கள். ஒரு காலிக் கட்டம் தோளில் டி-யோடு வரும். கட்டத்தில் ஏ என்று அடித்தால் வேலை முடிந்தது. இப்போது மேலே போய் வரையறையில் டி-யை எடுத்துவிட்டுப் பிரைம் குறியைப் போடுங்கள். கீழே உள்ள எல்லாச் சூத்திரங்களும் உங்கள் கண்ணெதிரே மாறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்து எழுந்தது. மாற்று அணியின் வர்க்கம் கேட்கும் கேள்வி ஒன்றில், மேக்ரோவை அடித்து அதன் தோளில் 2 போட்டிருந்தேன். கேரளத் தாள், அதாவது பிரைம் போட்டது, எந்தச் சிக்கலும் இல்லாமல் அச்சாயிற்று. தமிழ்நாட்டுத் தாள் பாதியில் நின்று, டபுள் சூப்பர்ஸ்கிரிப்ட் என்று பிழை காட்டியது. பிரைமுக்குப் பின்னால் இன்னொரு மேற்குறி வந்தால் லாடெக் தானே அனுசரித்துக்கொள்ளும். டி-யே ஒரு மேற்குறி. அதன்மேல் இன்னொரு மேற்குறியை அது ஏற்காது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தீர்வு எளிது. வரையறை முழுவதையும் ஓர் உறைக்குள் வைத்துவிட வேண்டும். டெக் கட்டத்தில் முதலில் பின்சாய்கோடும் திறப்பு நெளிவுக்குறியும் அடித்தால் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஓர் உறை திறக்கும். காகிதத்தில் அது வராது. உள்ளீடு, தொப்பி, டி எல்லாவற்றையும் அதற்குள் அடியுங்கள். இனி அது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பொருள். தோளில் என்ன ஏற்றினாலும் தாங்கும். மேற்குறியிலோ கீழ்க்குறியிலோ முடியும் எந்த மேக்ரோவையும் நான் இப்போது உறை போடாமல் விடுவதில்லை.

அடைப்புக்குறிகளையும் மேக்ரோவே போட்டுக்கொடுக்கலாமே என்று தோன்றும். ஏபி என்ற பெருக்கலின் மாற்று என்றால் அடைப்பு வேண்டும்தான். ஆனால் தனி ஏ-க்கும் சேர்த்து அடைப்புப் போட்டால் தாள் முழுவதும் தேவையில்லாத வளைவுகள் நிற்கும். அடைப்பைப் பயன்படுத்துபவரிடமே விட்டுவிடுங்கள். அதிபுத்திசாலியான மேக்ரோவைவிடக் கொஞ்சம் மந்தமான மேக்ரோ நல்லது. அது அடுத்து என்ன செய்யும் என்று ஊகிக்க முடியும்.

பெயர் வைப்பது

எங்கள் தாலுகா சித்தூர். ஆந்திர எல்லையில் இன்னொரு சித்தூர் இருக்கிறது. அங்கும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்களுடையதற்கு யு, அவர்களுடையதற்கு இரண்டு ஓ. இந்த ஓர் எழுத்து வேற்றுமையை நம்பி நான் ஆர்டர் செய்த சாக்பீஸ் பெட்டி ஒன்று ஒருமுறை ஆந்திரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மேக்ரோவுக்குப் பெயர் வைக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி நினைவுக்கு வரும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது வரும் தொல்லை நம்மைப் போன்றவர்களுக்கே உரியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எதுவும் இதைச் சொல்லாது. முதலில் நான் 'மாற்று' என்று பெயர் வைத்தேன். அதை எப்படி அடிப்பது? முதலில் ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா? இரட்டை றகரத்துக்கு டிஆரா, டிடிஆரா? நானே திங்கட்கிழமை ஒரு விதமாகவும் வியாழக்கிழமை வேறு விதமாகவும் அடித்தேன். லாடெக்குக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் அது பார்க்கும். தெரியாத பெயரைக் கண்டால் லிக்ஸ் அதைச் சிவப்பில் காட்டும். அந்த வாரம் என் திரை வரமிளகாய் காயப்போட்ட முற்றம்போல இருந்தது.

அதன்பின் எனக்கென்று ஒரு வழக்கம் வந்தது. நெடில் ஓசை இருந்தால் அதைத் தவிர்ப்பேன், அல்லது ஒற்றை எழுத்தில் எழுதினாலும் சங்கடப்படாத சொல்லாகப் பார்ப்பேன். ழகரம், றகரம் வரும் சொற்கள் வேண்டாம். ஐந்தாறு எழுத்துக்குள் முடிய வேண்டும். ஒரு சொல்லை மூன்று மாணவர்களிடம் வாயால் சொல்லி ஆங்கிலத்தில் எழுதச் சொல்வேன். மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தச் சொல் தேறியது. 'அணி', 'நிரை', 'கணம்' போன்றவை தேறின. 'தொகையீடு' தேறவே இல்லை. ஒருவன் டிஎச் போட்டான், ஒருத்தி வெறும் டி போட்டாள், மூன்றாமவன் ககரத்துக்கு எச் போட்டான். மூவரையும் குறை சொல்ல முடியாது.

'அணி மாற்று' என்பதைச் சுருக்கியபோதுதான் 'அணிமா' கிடைத்தது. ஐந்து எழுத்து, தவறாக அடிக்க இடமே இல்லை. அட்டமாசித்திகளில் முதலாவதான அணிமா, பெரிய உடலை அணுவளவாகச் சுருக்கிக்கொள்ளும் சித்தி. நீண்ட சூத்திரத்தைச் சின்னப் பெயருக்குள் அடக்கும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பெயர் பொருளைச் சொல்ல வேண்டும், வடிவத்தைச் சொல்லக் கூடாது. 'மேல்டி' என்று வைத்திருந்தால் கேரளத் தாளில் அது பொய்யாகிவிடும். இதைச் சொல்வது எளிது. நள்ளிரவில் அவசரமாக அடிக்கும்போது கைக்கு வருவது என்னவோ வடிவப் பெயர்தான்.

ஒற்றை எழுத்துப் பெயர் மிகவும் ஆபத்தானது. தொகையீட்டின் கடைசியில் வரும் டிஎக்ஸில் டி நேராக நிற்க வேண்டும் என்று ஒருகாலத்தில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. இது மாற்று அணியின் டி அல்ல, ஏ, பி, சி-க்கு அடுத்து வரும் டி. அதற்காக டி என்றே ஒரு மேக்ரோ செய்தேன். பல மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை. அதில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில், ணகரத்துக்கும் ளகரத்துக்கும் அடியில் புள்ளியிட்டு எழுதியிருந்தேன். அச்சுக்கோக்கச் சொன்னால், கணித முறையில் மட்டுமே அனுமதிக்கப்படும் கட்டளை உரைக்குள் வந்திருக்கிறது என்று பிழை. கட்டுரையின் அந்தப் பக்கத்தில் கணிதமே இல்லை. அரை நாள் தேடினேன். எழுத்தின் கீழே புள்ளியிடும் லாடெக் கட்டளையின் பெயரும் டி. அதன்மேல் என் டி ஏறி உட்கார்ந்திருந்தது. லிக்ஸ் மேக்ரோவை லாடெக்குக்குக் கொடுக்கும் விதத்தில், ஏற்கெனவே உள்ள பெயரை மீண்டும் வரையறுத்தாலும் எச்சரிக்கை வராது. பழையது சத்தமில்லாமல் மறைந்துவிடும். பி, சி, எல், ஓ, யு, வி என்று பல ஒற்றை எழுத்துகளுக்கும் இப்படி முன்பே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 'வெக்' என்ற பெயரும் அப்படித்தான். திசையன் அம்புக்குறிக்காக அது என்றோ எடுக்கப்பட்டுவிட்டது. ஒரு பெயரை வைக்கும் முன் சூத்திரம் ஒன்றைத் திறந்து அதை அடித்துப் பாருங்கள். சிவப்பாக நின்றால் லிக்ஸுக்கு அது தெரியாத பெயர். பெரும்பாலும் துணிந்து வைக்கலாம். ஒற்றை எழுத்துக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சூத்திரத்துக்கு வெளியே, உரையில் மட்டும் வேலை செய்யும் கட்டளைகளும் உண்டு.

பெயரில் எண் சேர்க்க முடியாது. 'அணி1', 'அணி2' என்று வைத்தால் 'அணி' வரை பெயராகவும் 1, 2 வெறும் எண்ணாகவும் படிக்கப்படும்.

உள்ளீடுகளின் வரிசை

ஒரு மேக்ரோவுக்கு அதிகபட்சம் ஒன்பது உள்ளீடுகள் தரலாம். மூன்றுக்கு மேல் தர நேர்ந்தால் அது ஒரு மேக்ரோதானா என்று யோசியுங்கள்.

வரிசையை எப்படி முடிவு செய்வது? வாயால் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தொகையீட்டைச் சொல்லும்போது முதலில் சார்பு வரும், எல்லைகள் பின்னால் வரும். நாம் கரும்பலகை முன்னால் நின்று எப்படிச் சொல்கிறோம்? "பூச்சியத்திலிருந்து ஒன்று வரை எக்ஸ் வர்க்கத்தின் தொகையீடு." கீழ் எல்லை, மேல் எல்லை, சார்பு. என் வரையறுத்த தொகையீட்டு மேக்ரோவின் மூன்று உள்ளீடுகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. பெயர் 'வரை'. பூச்சியம் அடித்து, கர்சரை நகர்த்தி ஒன்று அடித்து, பிறகு சார்பை அடிக்கும்போது கை வாயைப் பின்தொடர்கிறது. வரையறைக்குள் சார்புக்கும் டிஎக்ஸுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளியையும் வைத்துவிட்டேன். அதைத் தனித்தனியாக ஒவ்வோர் இடத்திலும் போட வேண்டும் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. தாளின் அழகு பாதி அங்கேதான் இருக்கிறது.

இந்தத் தர்க்கத்தை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. பின்னத்தைத் தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். பகுதி முந்தி வருகிறது. அதற்காகப் பகுதியை முதல் உள்ளீடாக வைத்து ஒரு பின்ன மேக்ரோ செய்து பார்த்தேன். பின்னத்துக்கு லிக்ஸின் சொந்தக் கட்டளையே எல்லார் கையிலும் பழகிப்போயிருக்கிறது. அதில் தொகுதிதான் முதலில். இரண்டும் கலந்ததில் மூன்றில் நான்கும் நான்கில் மூன்றும் இடம் மாறி, விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது. அந்த மேக்ரோவை அன்றே அழித்தேன். பழகிய கட்டளையோடு போட்டி போடும் மேக்ரோ தோற்கும், தோற்பதோடு நிற்காமல் தாளையும் கெடுத்துவிட்டுப் போகும்.

மாறி எக்ஸாக இல்லாமல் சில நேரம் டி-யாக (ஆங்கிலத்தில் எஸ்-க்கு அடுத்த எழுத்து) இருக்கும். அதற்கு விருப்ப உள்ளீடு என்ற வசதி உண்டு: கொடுத்தால் எடுத்துக்கொள்ளும், கொடுக்காவிட்டால் முன்பே சொல்லிவைத்ததைப் போட்டுக்கொள்ளும். மேக்ரோ கருவிப்பட்டையில் முதல் உள்ளீட்டை விருப்பமாக்கும் பொத்தான் இருக்கிறது. விருப்ப உள்ளீடுகள் எப்போதும் வரிசையின் தலைப்பில்தான் நிற்கும் என்பதால் 'வரை'யில் மாறிதான் இப்போது முதல் உள்ளீடு; அதன் இயல்பு மதிப்பு எக்ஸ். ஒரு மேக்ரோவுக்கு இப்படி ஒன்று போதும். இரண்டு வைத்தால் எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

திரைக்கான கட்டம்

காலியாக விட்ட இரண்டாவது கட்டத்துக்கு வருவோம். காகிதத்தில் எப்படி இருந்தாலும், அடிப்பவர் கண்ணுக்கு எது உதவுமோ அதை அங்கே வைக்கலாம். மூன்று திசையன்களின் திசையிலி முப்பெருக்கத்துக்கு என்னிடம் ஒரு மேக்ரோ இருக்கிறது. காகிதத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று எழுத்துகள், தலையில் அம்புகளோடு. திரையில் அம்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் எது ஏ, எது பி என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. லிக்ஸ் கட்டத்தில் அம்புகளை நீக்கிவிட்டு, உள்ளீடுகளுக்கு நடுவே அகலமான இடைவெளி விட்டேன். காகிதம் மாறவில்லை, அடிப்பது எளிதாயிற்று. பெரும்பாலான மேக்ரோக்களுக்கு இது தேவைப்படாது. ஆனால் திரையில் காட்டுவது காகிதத்தில் வருவதற்கு உறவினராகவாவது இருக்க வேண்டும். வேறொன்றைக் காட்டினால் மறுநாள் நீங்களே ஏமாந்துபோவீர்கள்.

தமிழ்ச் சொல் மறையும் இடம்

பகுதி பகுதியாக வரையறுக்கும் சார்புகளில் 'எனில்' என்ற சொல் அடிக்கடி வரும். அதை மேக்ரோவுக்குள் நேராக அடித்தால் திரையில் அழகாகத் தெரியும், காகிதத்தில் இருக்காது. கணித முறையில் லாடெக் கணித எழுத்துருவைத்தான் நாடும், அதில் தமிழ் இல்லை. பிழை என்று நிறுத்தாமல், லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அந்த எழுத்துகளை விட்டுவிடும். சூத்திரத்துக்குள் இருக்கும்போது மறுபடியும் கண்ட்ரோலும் எம்மும் அழுத்தினால் உரைக்கான ஒரு கட்டம் திறக்கும். தமிழ்ச் சொல்லை அதற்குள் அடியுங்கள். சொல்லுக்கு இருபுறமும் இடைவெளியையும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே விடுங்கள். ஒருமுறை இதைச் சரியாகச் செய்து 'எனில்' என்றே ஒரு மேக்ரோவாக்கிவிட்டால் அடுத்தவருக்கு இந்தப் பள்ளம் இருப்பதே தெரியாது.

எங்கே வைப்பது

மேக்ரோவின் வரையறை, அதைப் பயன்படுத்தும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். கேள்வித்தாளை வெட்டி ஒட்டும்போது வரையறைப் பெட்டி கீழே போய்விட்டால் மேலே இருப்பவை சிவந்துபோகும். அதனால் வரையறைகளை ஒரு தனிக் கோப்பில் வைப்பதே நல்லது.

என்னிடம் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் கேரளம், மற்றதன் பெயர் தமிழ்நாடு. இரண்டிலும் அதே மேக்ரோக்கள், அதே பெயர்கள், அதே உள்ளீட்டு வரிசை. சில வரையறைகள் மட்டும் வேறு. கேள்வித்தாளின் தொடக்கத்தில் இன்சர்ட் பட்டியல் வழியாகத் துணை ஆவணமாக ஒரு கோப்பைச் சேர்க்கிறேன். சேர்க்கும்போது வகை கேட்கும். இன்க்ளூட் என்று கொடுத்தால் அந்த இடத்தில் புதிய பக்கம் தொடங்கிவிடும். முதல் பக்கம் வெற்றாக வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். இன்புட் என்று கொடுங்கள். தமிழ்நாட்டுத் தாள் வேண்டுமானால் அந்த ஒரு வரியில் கோப்பின் பெயரை மாற்றுகிறேன். இருபத்தைந்து கேள்விகளில் எதையும் தொடுவதில்லை. எஃப் பிரைம், எஃப் பிரைமாகவே இருக்கிறது.

இன்னொருவர் கையில்

வேலந்தாவளத்தில் என் தோழி ஒருத்தி டியூஷன் எடுக்கிறாள். என் கோப்புகளை முதலில் பயன்படுத்தியவள் அவள்தான். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். மேக்ரோ சோதிக்க அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். 'அணிமா'வை முதல் தடவையே சரியாக அடித்தாள். 'வரை'யைக் கண்டுபிடிக்கவே இல்லை. 'இன்ட்' என்று லாடெக்கின் சொந்தப் பெயரையே அடித்துக்கொண்டிருந்தாள். நான் பெருமையாகச் செய்துவைத்திருந்த பதினைந்து மேக்ரோக்களில் ஆறை மட்டும்தான் அன்று மாலை தொட்டாள். மற்றவற்றில் பாதியை அந்த வாரமே நீக்கினேன்.

பெயர் நினைவில்லாதவர்களுக்கு உதவ லிக்ஸில் ஒரு வசதி இருக்கிறது. விருப்பங்களில் எடிட்டிங் என்பதற்குள் தானியங்கி நிரப்பலை இயக்கிவிட்டால், முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்ததும் பொருந்தும் பெயர்களைக் காட்டும். டேப் விசையால் எடுத்துக்கொள்ளலாம். இதற்காகவே அணி தொடர்பான என் மேக்ரோக்கள் எல்லாம் 'அணி' என்றே தொடங்குகின்றன: 'அணிமா', 'அணிகோ', 'அணிசே'. முதலாவது மாற்று, இரண்டாவது அணிக்கோவை, மூன்றாவது சேர்ப்பு அணி. மூன்று எழுத்து அடித்தால் குடும்பமே வந்து நிற்கும். 'வரை'யை அவளுக்காக மாற்றவில்லை. அவள் இன்னும் 'இன்ட்' என்றுதான் அடிக்கிறாள்.

கோப்பை அனுப்பும்போது ஒரு கவனம் வேண்டும். போன மாதம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் கேள்வித்தாளை மட்டும் அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது: "டீச்சரே, எல்லாம் சிவப்பாக இருக்கிறது." துணை ஆவணம் என் கணினியிலேயே தங்கிவிட்டிருந்தது. ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் என்பதற்குள் லிக்ஸ் ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு. அது கேள்வித்தாளையும் அதோடு சேர்ந்த கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும். அதை அனுப்பினேன். கேரளக் கோப்போடு கட்டியிருந்தேன். அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். அவளே முதல் வரியை மாற்றிக்கொண்டாள்.